பந்தலூர்ச் சாலையில் பூப்பல்லக்கு

கூடலூரிலிருந்து நாடுகாணி, தேவாலா தாண்டிப் பந்தலூர் வழியாக வயநாட்டை நோக்கிப் போகும் சாலை குறுகலானது, வளைவுகள் நிறைந்தது. அதில் ஒரு சாவு ஊர்வலம் வந்துவிட்டால் பேருந்தும் லாரியும் சுற்றுலா வண்டியும் நின்றுதான் ஆக வேண்டும். இறந்தது கொள்ளுப்பேரன் கண்ட கிழவி என்றால் நிற்கும் நேரம் இன்னும் கூடும். செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் வைத்துக் கட்டிய பல்லக்கில் அவளைச் சாய்த்து உட்கார வைத்திருப்பார்கள். முன்னால் தப்பு அதிரும். சங்கும் சேகண்டியும் இடையிடையே கேட்கும். பேரன்மார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பொரியும் சில்லறையும் சாலையில் சிதறும். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் நெய்ப்பந்தம் பிடித்த சிறுவர்கள் இப்போது சரவெடிக்குக் காதைப் பொத்திக்கொண்டு நடப்பார்கள். தேயிலைச் சரிவின் திருப்பம்வரை வந்த பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். நின்ற வண்டிகளிலிருந்து கண்ணாடிகள் இறங்கும், கைபேசிகள் வெளியே நீளும்.

அந்த வண்டிகளுக்குள் இருப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளும் விதம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கிறது. சிலர் முகம் சுளிக்கிறார்கள்: பிணத்தை வைத்துக்கொண்டு என்ன ஆட்டம்? சிலருக்கு இது வேடிக்கை; பத்து நொடிப் படமாக்கி அனுப்பிவிடுவார்கள். இன்னும் சிலர் படித்தவர்கள். மரணத்தையே கொண்டாடும் தமிழனின் தத்துவம் என்று வியப்பார்கள். மூன்று பேருமே ஊர்வலத்தில் ஒரு மனநிலையைத்தான் தேடுகிறார்கள். முதல் ஆள் அங்கே துக்கம் இல்லை என்கிறார், மூன்றாம் ஆள் அங்கே மகிழ்ச்சி இருக்கிறது என்கிறார். என் வாதம், அங்கே நடப்பது ஒரு கடன் தீர்க்கும் வேலை என்பது. முழு ஆயுளும் வாழ்ந்து முடித்த ஒருவருக்கு ஊர் செலுத்த வேண்டிய பொது மரியாதை அது. திருமணத்துக்குப் பந்தல் போடுகிறவர் அன்று என்ன மனநிலையில் இருக்கிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. சாவு வீட்டில் மட்டும் அந்தக் கேள்வி வருகிறது. பந்தலூர் போன்ற ஓர் ஊரில் அந்த மரியாதைக்கு இருக்கும் எடை, வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

வெளியாள் வந்து சாவைப் பார்ப்பது நீலகிரிக்குப் புதிதல்ல. இவ்வளவு சின்ன நிலப்பரப்பில் இவ்வளவு சாவுச் சடங்குகளைப் பற்றி எழுதிக் குவித்த இடம் உலகில் குறைவாகவே இருக்கும். காப்டன் ஹார்க்னஸ் தொதவப் பழங்குடியினரைப் பற்றி எழுதிய புத்தகம் 1832-ல் வந்தது. பாசல் மிஷன் பாதிரியார் மெட்ஸ், நீலகிரி கமிஷனர் பிரீக்ஸ், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் என்று வரிசை நீள்கிறது. 1901-02-ல் வந்து தங்கி ஆராய்ந்த ரிவர்ஸ், 1906-ல் தொதவரைப் பற்றி வெளியிட்ட தடித்த நூலில் இறுதிச் சடங்குக்குப் பல பக்கங்கள் ஒதுக்கினார். இறந்தவுடன் ஒரு சடங்கு, பல மாதம் கழித்து இன்னொன்று. இரண்டிலும் எருமைப் பலி. இதைக் காண ஊட்டியின் வெள்ளைக்காரக் குடும்பங்கள் உல்லாசப் பயணம்போலப் போய்வந்தன. பலியிடும் எருமைகளின் எண்ணிக்கைக்கு அரசு வரம்பு கட்டியது. ஒரு பக்கம் வேடிக்கை பார்த்தார்கள், மறுபக்கம் தடை போட்டார்கள். எருமையைக் கொடுத்தால்தான் இறந்தவருக்கு மறுவுலகில் வாழ்வு உண்டு என்ற தொதவரின் கணக்கை ரிவர்ஸ் போன்ற சிலரே பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

தொதவர், கோத்தர் ஆகிய பழங்குடிகளின் சடங்குகளை இந்துச் சடங்கு என்று ஒரே பெட்டியில் போட்டுவிட முடியாது. படகர்கள் இந்துக்கள். அவர்களுடைய பழைய முறையில் துணி சுற்றிய பல அடுக்குத் தேர் கட்டி, அதன் கீழ் உடலைக் கிடத்தி, கோத்தர் இசைக்குச் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். பிறகு இறந்தவரும் அவருடைய முன்னோரும் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவை நீங்கட்டும் என்று கூட்டமே குரல் கொடுக்கும். மிஷனரிகளுக்குப் பிடித்தது இந்தப் பின்பகுதிதான், பைபிளின் சாயல் அதில் தெரிந்தது. ஆட்டமும் தேரும் அவர்களுக்குக் காட்டுமிராண்டித்தனம். தமக்குப் பழகியதை வணங்கி, பழகாததை ஒதுக்கினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குன்னூருக்குப் பக்கத்தில் ஜக்கதளா என்ற படகர் ஊரை ஒட்டி எழுந்த ராணுவக் குடியிருப்புக்கு வெல்லிங்டன் என்று பெயர் சூட்டினார்கள். அந்த வெல்லிங்டன் பிரபு 1852-ல் இறந்தபோது லண்டனில் என்ன நடந்தது? அந்த ஆண்டு நவம்பர் 18 அன்று, வெண்கலத்தால் வார்த்த, பல டன் எடையுள்ள தேரில் உடலை ஏற்றி, பன்னிரண்டு குதிரைகள் இழுக்க, வாத்திய இசையோடு நகர்வலம் கொண்டுபோனார்கள். பார்க்க வந்த கூட்டம் பத்து லட்சத்தைத் தாண்டியது. தேர், இசை, கூட்டம், தெருவை மறித்த ஊர்வலம் ஆகிய நான்கும் அங்கேயும் உண்டு. லண்டனில் அது தேசத்தின் நன்றிக்கடன், ஜக்கதளாவில் அது அநாகரிகம்! நம் ஊரிலும் இதே அளவுகோல்தான். 1969 பிப்ரவரியில் அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டம் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதைச் சொல்லித் தமிழர்கள் பெருமைப்படுகிறோம். லயத்துக் கிழவியின் பின்னால் வரும் இருநூறு பேர் போக்குவரத்து இடையூறு ஆகிவிடுகிறார்கள்.

பாலித் தீவில் 2008 ஜூலையில் உபுத் அரச குடும்பத்தாரின் தகனம் நடந்தது. ஒன்பது மாடிக் கட்டடம் அளவுக்கு உயர்ந்த கோபுரத்தை ஆட்கள் தோளில் சுமந்தார்கள், இசை முழங்கியது. உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் அதற்கென்றே வந்தார்கள். அதுவும் இந்துச் சாவுதான். காசியில் முதியவர் இறந்தால் பாண்டு வாத்தியத்தோடு, அலங்கரித்த விமானத்தில் எடுத்துப்போகும் வழக்கத்தை மானுடவியலாளர் ஜொனாதன் பாரி 1994-ல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆகவே பந்தலூர் ஊர்வலத்தைப் பார்த்து இது தமிழர்களின் தனிப் பைத்தியம் என்று நினைக்கிறவர் தூரம் போய்ப் பார்க்கவில்லை என்று பொருள். சாவென்றால் குரலடங்கி, கறுப்புடுத்தி, மருத்துவமனையிலிருந்து நேரே மின்மயானத்துக்குப் போவதே நாகரிகம் என்ற எண்ணம் மேற்கிலேயே இருபதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. பிலிப் ஆரியேஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்தப் புதிய பழக்கத்தை மனித இயற்கை என்று நம்பிக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதனால் அளக்கிறோம்.

இனிப் பந்தலூருக்கு வருவோம். இந்தப் பகுதி 1877-ல்தான் மலபாரிலிருந்து பிரிந்து நீலகிரியோடு சேர்ந்தது. 1880-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் தேவாலாவும் பந்தலூரும் தங்க வேட்டைக்காரர்களால் நிரம்பி, தங்கம் கிடைக்காமல் காலியாயின. காபியும் தேயிலையும் நிலைத்தன. இன்றைய தமிழ் மக்கள்தொகையில் பெரும்பகுதி அதற்கும் பின்னால் வந்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத்தின் 9,75,000 நாடற்ற தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976-ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் (டேன்டீ) ஆயிற்று. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கொளப்பள்ளி என்று டேன்டீ பிரிவுகள் பந்தலூரைச் சுற்றி விரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, இங்கே லயத்தில் குடியேறியவர்கள் தாய் தகப்பன் குழிமேட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள்.

இவர்களுடைய முன்னோர் எப்படிச் செத்தார்கள் என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமைக் காபித் தோட்டங்களுக்கு மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். விழுந்த இடமே மயானம். இந்தப் பக்கம், வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969-ல் எழுதிய 'ரெட் டீ' நாவல், இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கிடைக்கிறது. கொள்ளைநோய் வந்தால் தோட்டத்தில் மனிதர் எப்படி எண்ணிக்கை ஆகிவிடுவார் என்பதை அதைப் படித்தவர்கள் அறிவார்கள். பேர்ப்பட்டியலில் ஓர் எண்ணாக இருந்து, ஓர் எண்ணாகவே அழிக்கப்பட்டவர்களின் வாரிசுகள் இவர்கள். இந்தப் பரம்பரையில் ஒருத்தி எண்பது வயதைத் தொட்டு, பிள்ளைகளை ஆளாக்கி, கொள்ளுப்பேரன் கையால் நெய்ப்பந்தம் வாங்கிக்கொண்டு போகிறாள் என்றால் அது சாதனை. பல்லக்கும் தப்பும் அந்தச் சாதனைக்கானவை. உயிரோடு இருந்தவரை அவள் கூடையோடு சாலையோரம் ஒதுங்கி நின்று வண்டிகளுக்கு வழி விட்டாள். இந்த ஒரு நாள் வண்டிகள் அவளுக்காக நிற்கின்றன.

இது மனநிலையைப் பொறுத்ததல்ல என்பதற்கு வலுவான சான்று, எல்லாச் சாவுக்கும் பல்லக்கு கட்டுவதில்லை என்பது. இளவயதுச் சாவுக்கு ஆட்டம் கிடையாது, வெடி கிடையாது. பிள்ளைச் சாவுக்குப் பல சாதிகளில் தீயும் கிடையாது, மண்தான். விபத்தில் போனவரை வேறு மாதிரி எடுப்பார்கள். 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கம் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை அடித்துக் கொன்றபோது மக்கள் சாலையை மறித்துப் போராடினார்கள், கடைகளை அடைத்தார்கள். அதே சாலை, அதே மக்கள். யானை மிதித்து ஆள் சாகும் செய்தி வராத ஆண்டு கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் இல்லை. அந்த வீடுகளில் யாரும் பொரி இறைப்பதில்லை. இயல்பாக முடிந்த வாழ்வுக்கு ஒரு முறை, முறிந்த வாழ்வுக்கு வேறு முறை என்று தரம் பிரித்து வைத்திருக்கும் சமூகத்தைப் பார்த்து, இவர்களுக்குச் சாவின் துயரம் உறைக்கவில்லை என்று சொல்வது பார்வைக் குறைவு. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் ஒரு வீட்டில் சாவுப் பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒரே நேரத்தில் கேட்கின்றன; இரண்டின் வேறுபாடும் கேட்ட புலவருக்குத் தெரிந்திருந்தது. லயத்து ஆளுக்கும் தெரியும்.

பந்தலூரில் வெளியாள் என்று யாரைச் சொல்வது என்பதே சிக்கலான கேள்வி. பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குரும்பர் ஆகிய பழங்குடியினரைக் கேட்டால் மற்ற எல்லோருமே வெளியாள்தான். பணியர்களுக்கு அவர்களுடைய துடியும் குழலும் உண்டு. சாவுக்கும் அவை ஒலிக்கும். மலையாளி இந்துக் குடும்பங்களில் வீட்டு வளாகத்திலேயே மாமரம் வெட்டிச் சிதை அடுக்கி, சத்தமின்றி முடித்துவிடுவார்கள். முஸ்லிம்கள் சந்தூக்கைத் தோளில் மாற்றி மாற்றி ஏந்தி, வேகமாக நடந்து, அன்றே அடக்குவார்கள். அவர்களிடம் தாமதமே அவமரியாதை. கிறிஸ்தவர்களிடம் பாட்டும் ஜெபமும். அவரவர் அளவில் எல்லாமே மரியாதைதான். கேரளத்து உறவினர் தமிழர் ஊர்வலத்தைப் பார்த்து வாய்பிளப்பதற்கும், தமிழர் மலையாளிச் சாவு வீட்டின் அமைதியைப் பார்த்து 'என்னங்க, அழக்கூட ஆளில்ல' என்று முணுமுணுப்பதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தலைமுறைகளாக அருகருகே வாழ்கிறவர்கள் மெல்லக் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு: அடுத்தவர் சாவுக்குப் போய் வாசலில் நிற்பது. கருத்துச் சொல்கிறவர் பெரும்பாலும் வழிப்போக்கர்.

இனி எதிர்வாதங்கள். அவற்றில் சில நியாயமானவை. சிரித்து ஒதுக்க முடியாதவை.

முதலாவது, ஆட்டமும் பாட்டமும் அழுகிறவர்களைப் புண்படுத்தாதா என்பது. இந்தக் கேள்வி சாவு வீட்டின் உள்ளே போய்ப் பாராததால் எழுவது. உள்ளே பெண்கள் வட்டமாகத் தோள்கோத்து உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். வெளியே ஆண்கள் தப்பு அடிக்கிறார்கள். இரண்டும் ஒரே சடங்கின் இரு அறைகள். இசபெல் கிளார்க்-டெசே என்ற மானுடவியலாளர் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஒப்பாரியையும் சாவுப் பாட்டையும் ஆராய்ந்து 2005-ல் ஒரு நூல் எழுதினார். பெண்கள் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை, தங்கள் சொந்தக் குறைகளையும் அந்த மேடையில்தான் இறக்கி வைக்கிறார்கள் என்பது அதில் முக்கியமான செய்தி. ஆக, அழுகைக்கு இடமில்லாத சடங்கு என்று இதைச் சொல்லவே முடியாது. வாய்விட்டு அழ இதைவிட அகலமான இடம் வேறெங்கும் கிடைப்பதில்லை. ஆனாலும் இந்த ஏற்பாட்டில் ஓர் அநீதி இருக்கிறது, அதை மூடவேண்டாம். ஆட்டம் ஆணுக்கு, அழுகை பெண்ணுக்கு. திருப்பத்தோடு பெண்கள் நிற்க வேண்டும். கணவன் போனால் கருமாதியன்று மனைவியின் வளையலை உடைக்க இன்னும் ஆள் இருக்கிறார்கள். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தூக்கிய பெண்களுக்கு, தங்கள் தாயின் பல்லக்கோடு குழிவரை போக உரிமையில்லை என்பது எந்த மரியாதைக் கணக்கிலும் வராது. இது மாற வேண்டும், சில குடும்பங்களில் மாறியும் வருகிறது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கனமானது. தப்பு அடிப்பது யார்? சமவெளிக் கிராமங்களில் பறையடிப்பதும் இழவு சொல்லப் போவதும் ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட கட்டாய ஊழியம். அதை எதிர்த்துத் தென்னார்க்காட்டில் எல்.இளையபெருமாள் இயக்கமே நடத்தினார். பறையை உடைத்தவர்கள், எரித்தவர்கள் உண்டு. நீலகிரியிலும் இதற்கு இணை உண்டு. படகர் சாவுக்குக் கோத்தர் வாசிக்கும் பழைய ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பெரும் பிணக்குகளைக் கிளப்பியது. சீர்திருத்தம் பேசிய படகர்கள் அந்த இசை வேண்டாம் என்றார்கள், பழமைவாதிகள் வேண்டும் என்றார்கள். கோத்தருக்குள்ளும் அந்த ஊழியம் தங்களைத் தாழ்த்துகிறது என்ற குரல் எழுந்தது. ஆகவே சாவு மேளத்தை நாட்டுப்புறக் கலை என்று கைதட்டிப் போகிறவர், முகம் சுளிக்கிறவரைவிடப் பெரிதாக எதையும் புரிந்துகொண்டுவிடவில்லை. ஆனால் இந்த வாதம் கட்டாயத்தைத்தான் வீழ்த்துகிறது, மேளத்தை வீழ்த்தவில்லை. தோட்டத்து லயத்தில் பெரும்பாலும் தப்பு அடிக்கிறவரும் அதே வரிசை வீட்டுக்காரர். தன் சனத்தின் சாவுக்குத் தன் கையால் அடிக்கிறார். சமவெளியிலும் காலம் திரும்பியிருக்கிறது. பறையைக் கையிலெடுத்து மேடையேற்றியவர்கள் பலர் அந்த ஒடுக்குமுறையைச் சந்தித்த மக்களே. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கூலி பேசி, விரும்பினால் வந்து, விரும்பாவிட்டால் மறுக்கிற உரிமையோடு அடிக்கும் மேளத்துக்கும் பண்ணையார் வீட்டு இழவுக்குக் கட்டாயமாக அடித்த மேளத்துக்கும் தாளம் ஒன்றாக இருக்கலாம், மற்றெல்லாம் வேறு.

சாவு ஊர்வலம் தெருவில் போவது எவ்வளவு பெரிய உரிமை என்பதை அது மறுக்கப்பட்டவர்களைக் கேட்டால் தெரியும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, மயானத்துக்குப் போகும் பாதையில் தனியார் நிலம் குறுக்கிட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் எந்தத் தெரு வழியாகப் பிணம் போகலாம் என்பதே சாதிச் சண்டை. அங்கெல்லாம் மேளத்தோடு, பூவோடு, பொதுச்சாலையின் நடுவில் போவதற்கு ஒரே பொருள்தான்: இவரும் இந்த ஊரின் ஆள். பந்தலூரில் அந்தச் சாலை கிடைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஓரமாகச் சத்தமின்றிப் போங்கள் என்று சொல்கிறவர் எதைக் கேட்கிறார் என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கட்டும்.

மூன்றாவது, தொல்லை. இதில் எனக்குத் தயக்கமே இல்லை: வெடி தேவையற்றது. காட்டை ஒட்டிய ஊர் இது. ராத்திரியில் வெடிச் சத்தம் கேட்டால் யானை விரட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது பந்தலூர்ப் பழக்கம். பகலில் சாவுக்கு வெடித்து, யானையையும் ஆளையும் ஒருசேர மிரள வைப்பானேன்? கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். தெர்மாகோலும் பிளாஸ்டிக் பூவும் வைத்த பல்லக்கு, பிளாஸ்டிக்குக்கு எதிராக முன்னோடியாகத் தடை கொண்டுவந்த மாவட்டத்தில் வெட்கக்கேடு. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, அது சாவு வீட்டுக்கும்தான். குடி இதைவிட மோசம். ஆடுகிறவர்களுக்கு வாங்கிக் கொடுத்தே தீரவேண்டும் என்ற வழக்கம் எந்தச் சாத்திரத்திலும் இல்லை. அது செத்தவளின் சேமிப்பைத்தான் தின்கிறது. பல்லக்கு, மேளம், வேன், பந்தல், பதினாறாம் நாள் சாப்பாடு என்று போகும் செலவுக்குக் கந்துவட்டிக்கு வாங்கும் குடும்பங்களும் உண்டு. சங்கமும் உறவுமுறையும் பங்கு போட்டுக்கொண்ட பழைய முறை தளர்ந்ததன் விளைவு இது. ஊர்க்காரர்களே கூடி ஒரு வரம்பு போட்டால் தீரும். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஊர்வலம் அப்படியேதான் நிற்கிறது. கல்யாணத்தில் குடியும் கடனும் உண்டு என்பதால் கல்யாணத்தையே நிறுத்தச் சொல்வோர் யாருமில்லை.

அமைதியான சாவு எப்படியிருக்கும் என்பதையும் ஒரு முறை எல்லோரும் பார்த்தாயிற்று. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு வரம்பு வைத்தது. சென்னையில் தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கவிடாமல் கூட்டம் தாக்கியது. அதையொட்டி, கண்ணியமான அடக்கமும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த மாதங்களில் மேளமில்லை, ஆட்டமில்லை, கூட்டமில்லை. வழிப்போக்கர் கேட்கும் கண்ணியம் முழுமையாகக் கிடைத்தது. அப்போது பிள்ளைகள் சொன்ன குறை, எடுத்துப்போக ஆளில்லாமல் போய்விட்டார் என்பது. நான்கு பேர் போதும் தூக்க. ஊர் வேண்டும், போனவரை இன்னார் என்று ஒப்புக்கொள்ள.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு சொல். ரிவர்ஸ் தொதவர் சாவைப் பார்க்கப் போனபோது பெயர்கள், உறவுகள், யார் எந்த எருமையைக் கொடுத்தார் என்பதெல்லாம் கேட்டு எழுதினார். அவருக்கும் காலனிய அதிகாரம் துணைநின்றது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பத்து நொடி வீடியோவில் கிழவிக்குப் பெயரே இல்லை. ஆடுகிற பேரன் யாரென்று தெரியாது. சிரிப்புப் பாட்டு ஒன்றைப் பின்னணியில் ஒட்டி விடுவார்கள். 2020-ல் கானா நாட்டின் சவப்பெட்டி சுமப்போர் ஆடிய ஆட்டம் உலகெங்கும் கேலிப்படமானது இப்படித்தான். அது அவர்கள் ஊரில் காசு கொடுத்துக் கேட்டு வாங்கும் மரியாதை என்பது பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சாலையில் ஊர்வலம் வந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், முடிந்தால் இறங்கி நில்லுங்கள். கைபேசி பைக்குள் இருக்கட்டும்.

அதிகாரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. தோட்டத் தொழிலாளிக்கு வீடு தரவேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வேலை முடிந்தால் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது தோட்டத்தின் நடைமுறை. ஆக, ஓய்வுபெற்ற கிழவியின் பல்லக்கு எந்த வாசலிலிருந்து புறப்படுகிறதோ அந்த வாசல் பெரும்பாலும் அவளுடையதல்ல. டேன்டீ நிலங்களில் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசு முடிவெடுத்தபோது தொழிலாளர்கள் பதறியதில் வேலை பற்றிய பயம் பாதி, இருப்பிடம் பற்றிய பயம் மீதி. மயானத்தின் கதையும் அப்படித்தான். மயானமாக அறிவிக்கப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் புதைக்கக் கூடாது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. சுகாதாரமும் ஒழுங்கும் கருதிய தீர்ப்பு, சரி. ஆனால் தோட்டத்து மூலையில், யாருக்குச் சொந்தம் என்று தீராத ஜென்ம நில வழக்கில் கிடக்கும் சரிவில், தலைமுறையாகப் புதைத்துவரும் மக்களுக்கு அறிவிக்கப்பட்ட மயானம் எங்கே? சாவு ஊர்வலத்துக்கு நேரமும் ஒலியும் குறித்துச் சுற்றறிக்கை எழுதும் முன், நெல்லியாளம் நகராட்சியும் சேரங்கோடு ஊராட்சியும் மாவட்ட நிர்வாகமும் ஒவ்வொரு டேன்டீ பிரிவுக்கும் எல்லைக்கல் நட்ட ஒரு மயானத்தையும், அதற்கு வண்டி போகும் பாதையையும், ஓய்வுபெற்றவர்களுக்குப் பட்டாவோடு வீட்டையும் கொடுக்கட்டும்.